ஆள் வருது

எங்கள் கேமை விளையாட வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் மூன்றாவது பஸ் தரிப்பிடத்தில் காணாமல் போனார்கள். முதலாவது தரிப்பிடத்தைச் சந்தோஷமாகத் தாண்டினார்கள். இரண்டாவதிலும் ஆட்களை ஏற்றினார்கள். மூன்றாவதில் கேமை மூடினார்கள், பிறகு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. இதை எனக்குச் சொன்னது கணினித் திரையில் ஓடும் ஒரு நீலக் கோடு. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் எத்தனை பேர் மிஞ்சி இருக்கிறார்கள் என்று அது காட்டும். மூன்றாவதற்கு வந்ததும் கிணற்றுக்குள் வாளி விழுந்ததுபோல நேரே கீழே போய்விடும். நான் அந்தக் கோட்டை முறைத்த முறைப்புக்கு மனிதராக இருந்தால் எழுந்து போயிருப்பார். கோடு அப்படியே கிடந்தது.

கேம் செய்வது நானும் என் மச்சாளும். என் மாமாவின் மகள், என்னைவிட நான்கு வயது இளையவள். அவளுக்கு நானும் மச்சாள்தான், ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் படம் கீறுவாள், நான் அந்தப் படங்களை அசைய வைக்கும் கணினிக் கோட் எழுதுவேன். அவள் வீடு ஈச்சிலம்பற்றில். நான் திருகோணமலை டவுனில், துறைமுகத்துக்குப் பின்பக்கத்து ஒழுங்கை ஒன்றில் அம்மாவோடு இருக்கிறேன். கிழமைக்கு இரண்டு நாள் அவள் பஸ் ஏறி என் வீட்டுக்கு வருவாள். மற்ற நாட்களில் படங்களைப் போனில் அனுப்புவாள். அங்கே சிக்னல் இருந்தால் படம் வரும், இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் அவளே வருவாள்.

இந்த வேலையை எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. வீடியோக்களைப் பார்த்துப் பழகினோம். ஒரு வீடியோ சொல்வதை அடுத்த வீடியோ பிழை என்று சொல்லும், அதையும் பார்த்தோம். முதலில் பலூன் உடைக்கும் கேம் ஒன்று செய்தோம். சொந்தக்காரர்கள் முகத்துக்கு அஞ்சி இறக்கிப் பார்த்துவிட்டு அழித்தார்கள். இன்று போன் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் கேம் விளையாடுகிறார்கள், அதில் பாதிப்பேர் கேம் செய்யவும் தொடங்கிவிட்டார்கள்போல. எங்கள் பலூன் வெளிவந்த அன்றைக்கே எத்தனையோ பலூன்கள் வெளிவந்திருந்தன. கடலில் உப்புக் கொட்டின கதைதான். அம்மா காலையில் தேத்தண்ணீரைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இன்னும் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறியோ?" என்று கேட்பா. விளையாட்டைச் செய்வது விளையாட்டு இல்லை என்பதை நான் அவவுக்கு விளங்கப்படுத்த முயன்று களைத்துவிட்டேன்.

இரண்டாவது கேம்தான் பஸ். விளையாடுகிறவர்தான் சாரதி. ஈச்சிலம்பற்றில் புறப்பட்டு, வழியில் ஆட்களை ஏற்றி, மாடுகளை விலத்தி, மூதூர் தாண்டி, கிண்ணியாப் பாலம் தாண்டி டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டும். திரையில் 'போ' என்று ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் பஸ் போகும், விட்டால் நிற்கும். மச்சாள் தான் ஏறி வரும் பஸ்ஸையே கீறியிருந்தாள். கிழிந்த சீற், சாரதிக்கு முன்னால் ஒரே மாலைக்குள் முருகனும் புத்தரும், கதவோரத்தில் யாரோ வைத்த வாழைக்குலை. அந்தப் பஸ்ஸைப் பார்த்த அன்றுதான் எங்களுக்கு இந்த வேலை வரும் என்று நான் நம்பினேன்.

கொழும்பில் கேம்களை எடுத்து வெளிநாடுகளில் பரப்பும் கம்பனி ஒன்று இருக்கிறது. அவர்களுக்கும் படங்கள் பிடித்திருந்தன. ஆனால் படம் பிடித்து என்ன? முதலில் கொஞ்ச நாட்களுக்கு முன்பின் தெரியாதவர்களிடம் கேமைக் கொடுத்துப் பார்ப்பார்கள். இன்றைக்கு விளையாடினவர் நாளைக்கும் வந்தால் எடுப்பார்கள், வராவிட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு நாளைக்கு என்ன, பத்து நிமிஷத்துக்குப் பிறகே ஆள் இல்லை.

இதே நேரத்தில் மச்சாளின் கையில் ஒரு கடிதம் இருந்தது. கொழும்பில் விளம்பரக் கம்பனி ஒன்றில் படம் கீறும் வேலை. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். மாமா அவளிடம், "எத்தினை நாளைக்கு இந்த விளையாட்டு?" என்று கேட்டிருக்கிறார். அதில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. மச்சாள் என்னிடம் நேராகவே சொன்னாள்.

"மச்சாள், எங்கட பஸ்ஸை அவங்கள் எடுத்தா நான் போகேல்ல. எடுக்காட்டி போறன். பிறகு என்னில கோவிக்கக் கூடாது."

"நான் ஏன் கோவிக்கிறன்? உன்ர வாழ்க்கை," என்றேன் நான். சொல்லிவிட்டு அன்று முழுவதும் ஒரு வரி கோட் எழுத ஏலாமல் இருந்தேன். அவள் போனால் என்னிடம் மிஞ்சுவது ஒரு சூடான கணினியும் அம்மாவின் கேள்வியும்தான். அவள் இல்லாமல் எனக்கு இந்த வேலை வேண்டாம் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அதனால் மூன்றாவது தரிப்பிடத்தில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதே என் முழு நேர வேலையாயிற்று. நான் எழுதிய கோட் முழுவதையும் வரிவரியாகப் படித்தேன். என் போனில் விளையாடினேன், பஸ் ஒழுங்காகப் போனது. அம்மாவின் பழைய போனில் போட்டேன், போன் தோசைக்கல் மாதிரிச் சுட்டது, ஆனாலும் பஸ் போனது. தரிப்பிடத்து வேப்பமரம் இருட்டாக இருக்கிறது என்று மச்சாள் இலைகளுக்கு நிறம் மாற்றினாள். மாட்டின் சத்தம்தான் ஆட்களைத் துரத்துகிறது என்று நான் மாட்டை ஊமையாக்கினேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் நீலக் கோடு அதே இடத்தில் விழுந்தது. ஒரு கட்டத்தில் நான் எதைத் தேடுகிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது.

வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, எங்கள் ராத்தாவிடம் போனேன். கிண்ணியாவில் பிறந்து கலியாணம் முடித்து எங்கள் ஒழுங்கைக்கு வந்தவ. வீட்டிலேயே தைக்கிறவ. தையல் மெஷினுக்கு முன்னால் கதிரையில் இருந்தபடியே போனை வாங்கி விளையாடினா. நான் பக்கத்தில் கொப்பியும் பேனையுமாக நின்றேன். மூன்றாவது தரிப்பிடம் வந்தது. ராத்தா போனை மடியில் வைத்தா, ஊசியில் நூல் கோத்தா, "உம்மா சுகமா இருக்காவா?" என்று என்னிடம் கேட்டா. பிறகு போனை எடுத்து 'போ'வை அழுத்திக்கொண்டு நாலாவதுக்குப் போய்விட்டா.

"ராத்தா, மூண்டாவதில ஏதும் கரைச்சல் இருந்துதா?"

"ஒரு கரைச்சலும் இல்ல புள்ள. நல்லாத்தானே போகுது."

நான் கொப்பியில் 'பிரச்சினை இல்லை' என்று எழுதினேன். இப்படி எங்கள் ஒழுங்கையில் நாலு பேர், ஈச்சிலம்பற்றில் ஐந்து பேர். ஒருவருக்கும் பிரச்சினை இல்லை. கொப்பியின் ஒரு பக்கம் முழுவதும் பிரச்சினை இல்லை. ஆனால் கடல் தாண்டி இருப்பவர்கள் கேமுக்குக் கீழே எழுதியதை மொழிபெயர்த்துப் பார்த்தால், 'பேருந்து இறந்துவிட்டது' என்றிருந்தது. இன்னொருவர், 'அழகான படங்கள், ஆனால் பழுது' என்று எழுதி ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். அந்த ஒரு நட்சத்திரத்தையும் அவரே வைத்திருக்கலாம்.

கடைசியில் கேமைப் பரப்பும் கம்பனிக்காரர் சில பதிவுகளை அனுப்பினார். யாரோ தெரியாதவர்கள் விளையாடும்போது திரையில் நடந்ததைப் படம் பிடித்தவை. விரல் படும் இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் தெரியும். அம்மா சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில் நான் தனியாக இருந்து பார்த்தேன். பஸ் மூன்றாவது தரிப்பிடத்தில் நிற்கிறது. வேப்பமரத்தடியில் நின்ற இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள். வெள்ளை வட்டம் 'போ'வில் விழுகிறது. பஸ் அசையவில்லை. மீண்டும் விழுகிறது. பிறகு வட்டங்கள் படபடவென்று விழுகின்றன. அந்த நேரத்தில் திரையின் மூலையில், கிறவல் போட்ட ஒழுங்கையின் தூரத்துத் தொங்கலில், தலையில் உரப்பையோடு ஒரு அம்மா நடந்து வந்துகொண்டிருக்கிறா. ஒரு கையால் பையைப் பிடித்து, மற்றக் கையால் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அவவால் முடிந்த வேகத்தில் வருகிறா. பாதி ஒழுங்கை வருவதற்குள் விளையாடினவர் கேமை மூட, திரை கறுப்பாகிவிட்டது. நான்கு பதிவுகள் பார்த்தேன். நான்கிலும் அந்த அம்மா பஸ்ஸுக்கு வந்து சேரவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நாலாவது பதிவைத் திரும்ப முதலிலிருந்து ஓட விட்டேன்.

அந்த அம்மா ஏறும் வரைக்கும் பஸ் நகராது. நான்தான் அப்படிக் கோட் எழுதியிருந்தேன். மச்சாள் ஒழுங்கையில் ஆளைக் கீறிக் கொடுத்தாள், ஆள் வந்தால் பஸ் நிற்கும்தானே என்று நான் எழுதினேன். இப்படிச் செய்யலாமா என்று நாங்கள் ஒரு வார்த்தை கதைத்த ஞாபகம் இல்லை. அந்தப் பாதையில் பஸ் அப்படித்தான். தூரத்தில் ஒரு தலை தெரிந்தால் முன் சீற்றில் இருக்கும் யாராவது "ஆள் வருது" என்பார்கள். சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு வெற்றிலை மடிப்பார். யாரும் மணிக்கூடு பார்க்க மாட்டார்கள். அடுத்த நாள் ஒழுங்கையில் ஓடி வருவது நீங்களாகவும் இருக்கலாம். இதை விளையாடுகிறவருக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை. ராத்தாவுக்கும் சொல்லத் தேவைப்படவில்லை. அவ ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தது எதற்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கம்பனிக்காரருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"பஸ் பழுதில்லை. அங்க ஆள் வருது."

"யாரு மெடம்?"

"ஒரு அம்மா. ஒழுங்கைக்குள்ளால வாறா."

"அவங்க வரல்லைன்னா?"

"வாறா தானே. தெரியுதுதானே."

அவர் மிகவும் மரியாதையாக, "அவங்கள விட்டுட்டுப் போனா என்ன மெடம்?" என்று கேட்டார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே யாரோ அந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிற்க விரும்புகிறவர் நிற்கட்டும், போக விரும்புகிறவர் போகட்டும், போனால் கொஞ்சம் புள்ளி குறையட்டும் என்றார். அந்த அம்மா கெதியாக வர வேண்டுமென்றால் ஒரு விளம்பரம் பார்க்க வைக்கலாம் என்றும் சொன்னார். விளம்பரம் பார்த்தால் அவவுக்கு எப்படிக் காலில் பலம் வரும் என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன்னர் முடிவு சொல்ல வேண்டும், வேறு கேம்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வந்தபோது பதிவுகளைக் காட்டினேன். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். 'பேருந்து இறந்துவிட்டது' என்றதை அவள் செத்த வீட்டு ஒப்பாரிபோலப் பாடிக் காட்டினாள். ஆனால் விட்டுவிட்டுப் போகும் கதையைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"விட்டிட்டுப் போற பஸ் உலகம் முழுக்க ஓடுது மச்சாள். அதுக்கு நாங்கள் என்னத்துக்கு?"

"அப்ப என்ன செய்யிறது? ஒருத்தரும் நிக்கினமில்லையே."

"அவையளுக்கு ஆளைத் தெரியேல்ல, அதுதான் நிக்கினமில்லை. நான் தெரியப்பண்ணுறன். பஸ்ஸுக்குள்ள இருக்கிற சனம் எழும்பி எட்டிப் பாக்கட்டும். 'ஆள் வருது' எண்டு சொல்லட்டும். கண்டக்டர் இறங்கி உரப்பையை வாங்கட்டும். நிக்கிற நேரந்தான் கேமில வடிவான இடமா இருக்க வேணும். வியாழன் காலமை கீறிக்கொண்டு வாறன்."

அவள் சொன்னபோது எனக்கு அது நடக்கும்போல இருந்தது. அவள் போன பிறகு நடக்காதுபோல இருந்தது. புதன்கிழமை வரைக்கும் நான் இரண்டுக்கும் நடுவில் கிடந்தேன்.

வியாழக்கிழமை காலையிலிருந்து வாசலைப் பார்த்தபடி இருந்தேன். பதினொன்றுக்கு வர வேண்டியவள் பதினொன்றரைக்கும் வரவில்லை. டவுனில் திரியும் மான்களில் ஒன்று வாசலில் நின்று அம்மாவின் செவ்வரத்தைச் செடியைக் கடித்துக்கொண்டிருந்தது, அதைத் துரத்தக்கூட எனக்கு மனம் வரவில்லை. போன் எடுத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. பன்னிரண்டுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது கம்பனிக்காரரின் செய்தி வந்தது. 'மெடம், இருக்கிறீர்களா?' மறுபடி எடுத்தேன், கிடைக்கவில்லை. இல்லை என்று சொன்னால் கேம் போய்விடும், கேம் போனால் மச்சாள் கொழும்புக்குப் போய்விடுவாள். பொறுங்கள் என்றாலும் அதே கதிதான் என்று நினைத்தேன். அவளை மறிப்பதற்கு என் கையில் இருந்தது இந்த ஒன்றுதான். 'ஓம், பஸ் போகும்' என்று எழுதி அனுப்பினேன். நான் எழுதிய கோட்டில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டியிருந்தது. தேத்தண்ணீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

அவள் பன்னிரண்டு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வந்தாள். வேர்வையோடு, சிரித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றும்போதே கதையைத் தொடங்கிவிட்டாள்.

"மச்சாள், இண்டைக்குப் பஸ் நிண்ட நிலையைக் கேளுங்கோ. ஒரு மனுசி மாமியாரைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு வாறா. மாமியாருக்கு ஒரு செருப்பைக் காணேல்ல. பஸ்ஸில இருந்த ஆம்பிளையள் இறங்கி வேலிக்குள்ள செருப்புத் தேடினவை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல. கடைசியில செருப்பு நாயிட்ட."

நான் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஒருக்கா எனக்கு எடுத்துப் பாத்திருக்கலாமே?"

"எடுத்தனான். விழேல்ல."

"எத்தினை தரம் எடுத்தனீங்கள்?"

"ரெண்டு தரம்."

அவள் பையைத் திறந்து, தான் கீறும் பலகைத் திரையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, குசினிக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். அந்தத் திரையில், பஸ்ஸுக்குள் இருந்த சனம் முழுவதும் எழும்பி யன்னலால் எட்டிப் பார்த்தது. ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கண்டக்டர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மிதிபலகையில் தொங்கினார். அந்த அம்மா இவ்வளவு பேரும் தன்னைப் பார்ப்பதற்கு வெட்கப்பட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தா. அவள் கீறியதில் இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. இதைக் கண்டால் எந்த நாட்டுக்காரனும் நின்றிருப்பானோ, நின்றிருக்க மாட்டானோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நீலக் கோடு நிமிர்ந்தது. மூன்றாவது தரிப்பிடத்தில் ஆட்கள் 'போ'வை அழுத்தினார்கள், பஸ் போனது, அவர்களும் நாலாவதுக்குப் போனார்கள். அடுத்த நாளும் வந்தார்கள். கம்பனி கேமை எடுத்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, யாரிடமோ களவெடுத்து அகப்படாமல் இருப்பதுபோலவும் இருந்தது. மிச்சப் படங்கள் எல்லாவற்றையும் மச்சாள் சொன்ன நாளுக்கு, ஒரு குறையும் இல்லாமல் கீறிக் கொடுத்தாள். கடைசிப் படத்தைக் கொடுத்த அன்று, கொழும்புக்கு ஓம் என்று எழுதிவிட்டதாகச் சொன்னாள்.

"ஏன்? இப்ப எடுத்திட்டாங்கள் தானே?"

"எடுத்திட்டாங்கள் மச்சாள். நல்லம். ஆனா, என்ர ஆளை விட்டிட்டுப் போற பஸ்ஸுக்கு நான் இனி என்னத்தைக் கீறுறது?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். "உன்னை மறிக்கத்தான் ஓம் எண்டனான்" என்று வாய் வரைக்கும் வந்தது. அதையும் விழுங்கினேன்.

அவள் போகிற காலையில், என் மேசையில் அவளுடைய கீறும் பேனை கிடப்பதைக் கண்டேன். அந்தப் பலகைத் திரைக்கு அந்தப் பேனை ஒன்றுதான் எழுதும். பஸ் எட்டரைக்கு. அப்போதே எட்டரைக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. ஆட்டோ பிடித்தேன். பள்ளிக்கூட நேரம், சந்தியில் வாகனங்கள் நெரிந்து நின்றன. அவளுக்குப் போன் எடுத்து, "பேனையை விட்டிட்டாய், கொண்டு வாறன்" என்று மட்டும் சொன்னேன். ஆட்டோக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "கொழும்பு பஸ் ஒருத்தருக்கும் நிக்காது தங்கச்சி" என்றார். அது எனக்கும் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது எட்டே முக்கால். கொழும்பு பஸ் நின்றது. எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. மச்சாள் ஒரு காலை மிதிபலகையிலும் மற்றக் காலைத் தரையிலும் வைத்து, கதவுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் சிங்களத்தில் ஏசிக்கொண்டிருந்தார். சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். யன்னல்களால் சனம் எட்டிப் பார்த்தது, எல்லோரும் என்னைத்தான். நான் செருப்பு இழுபட, ஒரு கையில் பேனையும் மற்றக் கையில் சேலைக் கொசுவமுமாக ஓடினேன்.

கண்டக்டர் என்னைப் பார்த்து, அரைத் தமிழில், "நீங்களும் போறதா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். பேனையைக் கொடுத்தேன். மூச்சு வாங்கியது. அவளிடம் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், போகாதே என்று சொல்ல வேண்டும். நான் கேட்டது, "சாப்பிட்டியா?"

"ஏறி இருந்து சாப்பிடுறன் மச்சாள்."

அவள் என் கையை ஒருமுறை பிடித்து விட்டாள். தரையில் இருந்த காலை எடுத்து மேலே வைத்து, சாரதியின் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"ஆள் வந்திட்டுது. எடுங்கோ."